பள்ளிக்கூட வாசலுக்கு வந்த காவல்துறைப் பிள்ளை

சண்டை நின்று கண்டி வீதி திறந்த வருடம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே நான் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டேன். எங்கள் ஊர் கனகராயன்குளத்துக்குக் கொஞ்சம் வடக்கே, வீதியோடு ஒட்டிக் கிடக்கிறது. சண்டையில் ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதுவரை சைக்கிளும் உழவு இயந்திரமும் மட்டும் போன வீதியில் திடீரென்று கொழும்பு பஸ், யாழ்ப்பாண பஸ், லொறி, வான் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. தார் போட்டு முடிந்த பிறகு அவற்றின் வேகத்தைக் கேட்கவே வேண்டாம்.

எனக்கு அது நல்ல காலம். சாரதிக்கும் நடத்துநருக்கும் தேத்தண்ணியும் ரொட்டியும் இனாம் என்று சொல்லி வைத்தேன். அதனால் பஸ்கள் என் கடை வாசலில் நின்றன. பஸ் நின்றால் நாற்பது பேர் இறங்குவார்கள். என் மனைவி விடியமுதல் எழும்பி ரொட்டி சுடுவாள். நான் கறி வைப்பேன். மூன்று மாதத்தில் வீட்டுக்குத் தகரக் கூரை வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் வீதிக்குக் கிழக்கே. என் கடை மேற்கே. கடைக்குப் பின்னால், பல வருடங்களுக்கு முன் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் குடியிருப்பு இருந்தது. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் என் கடை ஓரத்தால் வந்துதான் வீதியைக் கடக்க வேண்டும். வேறு வழியில்லை. வீதியின் இரண்டு கரையிலும் மிதிவெடி எடுத்து முடிந்திருக்கவில்லை. சிவப்பு மண்டையோடு போட்ட பலகைகள் வரிசையாக நின்றன. எடுத்து முடிந்த இடம் என்று வெள்ளைக் கட்டை நட்டிருந்தது கடை வாசலும் பள்ளிக்கூட வாசலும், தெற்கே மதகுக்கு அப்பால் ஒரு துண்டு நிலமும்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. கடை வாசலில் ஒரு பஸ் நின்றது. குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, இரண்டாம் வகுப்பு, பஸ்ஸின் முன்பக்கத்தால் சுற்றி வீதியில் கால் வைத்தாள். பின்னால் வந்த வான் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. சத்தம் கேட்டு நான் கரண்டியோடு வெளியே ஓடினேன்.

வான் சாரதி இறங்கி நிலத்தில் குந்திவிட்டான். அவனை அடிக்கப் போனவர்களை விலக்கி, பிள்ளையைத் தூக்கி அதே வானில் ஏற்றி, அவனையே ஓடச் சொன்னேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் என் மடியில் கிடந்தாள். தன்னுடைய ஒற்றைச் சப்பாத்தைக் காணவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அங்கிருந்து வவுனியாவுக்கு மாற்றினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் கால் மற்றதைவிடக் கட்டையாகத்தான் இருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக, நேரத்துக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினேன் என்று புகழ்ந்தார்கள். பிள்ளையின் தகப்பன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அன்றன்று கூலிக்குப் போகிறவர். தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு நாள் கடையில் சீனி வாங்கினாள். நான் காசு வேண்டாம் என்றேன். அவள் மேசையில் காசை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, என் மனம்தான் அப்படி நினைத்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூட அதிபர் பெற்றோரைக் கூட்டினார். அவர் ஓய்வுக்குக் கிட்டிய பெண்மணி, தனியாள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து விடுதியிலேயே இருந்தார். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துப் பழக்கியவர். வீதியில் மேடு போடலாம் என்று ஒருவர் சொன்னார். பிரதான வீதியில் அதற்கு விடமாட்டார்கள் என்று அதிபர் சொன்னார். ஆசிரியர்கள் மாறி மாறி வாசலில் நிற்கலாம் என்றால், இருப்பதே ஐந்து ஆசிரியர்கள். கடைசியில் காவல்துறையைக் கேட்பது என்று முடிவாகி, அதிபரோடு நானும் போனேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படித்தார்கள், பெற்றோர் சங்கத்தில் நான் செயலாளர்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் போராளி இயக்கத்தின் கையில் இருந்தது, காவல்துறையும் இயக்கத்துடையதுதான். நிலையப் பொறுப்பாளர் மரியாதையாக இருத்தித் தண்ணீர் தந்தார். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, இந்த நீளமான வீதிக்குத் தன்னிடம் இருக்கிற ஆட்கள் போதாது, ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒருவரை ஒவ்வொரு நாளும் விட்டால் மற்றப் பள்ளிக்கூடங்கள் என்ன கேட்கும் என்றார். பயிற்சி முடித்த புதியவர்கள் இருக்கிறார்கள், சம்பளத்துக்குத்தான் வழியில்லை என்றும் சொன்னார்.

அதிபர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப சம்பளத்தை நாங்கள் தந்தால்?"

பொறுப்பாளர் சிரித்தார். அதிபர் சிரிக்கவில்லை. சாப்பாடும் தங்க இடமும் ஊர் பார்க்கும், சம்பளத்தையும் ஊர் கட்டும், ஒரு வருடத்துக்கு ஓர் ஆளைத் தாருங்கள் என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் இருந்த எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பொறுப்பாளர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதோடு இன்னொன்றையும் சொன்னார்.

"ரீச்சர், காசு நீங்கள் தரலாம். ஆனா ஆள் உங்கட ஆள் இல்லை. சட்டத்தின்ர ஆள். அதை ஊருக்கு விளங்கப்படுத்திப்போடுங்கோ."

இரண்டாம் கூட்டத்தில் சத்தம் கூடிவிட்டது. காவல்துறையின் வேலைக்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அப்போது பின்வரிசையில் அந்தப் பிள்ளையின் தகப்பன் எழும்பினார். அவர் கூட்டத்தில் பேசி நான் கண்டதில்லை.

"எம் மக காலு போனது போயிருச்சுங்க. இன்னொரு புள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது. மாசத்துல ஒரு நாள் கூலிய நான் தர்றேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு யார் என்ன தருவது என்பதற்குத் திரும்பியது. நெல் உள்ளவர்கள் நெல்லாகத் தருவது, மற்றவர்கள் இயன்றதைத் தருவது, மதியச் சோறு முறை வைத்து ஒவ்வொரு வீடும் கொடுப்பது, தங்குவதற்கு அதிபர் விடுதியின் முன்னறை என்று எல்லாம் அன்றைக்கே முடிவாயிற்று. நான் மற்ற எல்லோரையும்விடக் கூடத் தருவதாகச் சொன்னேன். கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை.

நாங்கள் எதிர்பார்த்தது மீசை வைத்த, உயரமான ஓர் ஆளை. வந்தது இருபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்றொழில் செய்யும் குடும்பம். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். நீலச் சீருடை தோளில் தொங்கியது. ஒரு சைக்கிள், ஒரு விசில், எழுத ஒரு கொப்பி. என் மனைவி அவளைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒரு காவல் வேணும் போல கிடக்கு என்றாள்.

முதல் இரண்டு நாளும் அவள் கையை நீட்டினாள். வாகனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம், வடக்கிலிருந்து ஒரு லொறி ஹோனை அழுத்திக்கொண்டே வந்தது. பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அவள் வீதி நடுவுக்கு வந்து கையை உயர்த்தினாள். லொறி வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் விலகவும் இல்லை. நான் கடைக்குள் இருந்து பார்த்தேன். ரயர் தேய்கிற மணம் கடைக்குள் வந்தது. லொறி நின்றபோது அதன் மூக்குக்கும் அவள் கைக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்காது. அவள் திரும்பிப் பார்க்காமல் மற்றக் கையால் பிள்ளைகளைப் போகச் சொன்னாள். எல்லோரும் கடந்த பிறகு, சாரதியிடம் போய் ஏதோ எழுதினாள்.

பிறகு என் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டாள். நான் நிரப்பிக் கொடுத்தேன். ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய், அடித்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"பயம்தான் அண்ணை. ஆனா நான் விலகியிருந்தால் பிள்ளையள் இனி என்ர கையை நம்பாதுகள்."

அந்தக் கதை வீதி முழுக்கப் போயிருக்க வேண்டும். அடுத்த கிழமையிலிருந்து சாரதிமார் பள்ளிக்கூடத்தைக் கண்டதும் கியரைக் குறைத்தார்கள். ஒருமுறை, யாரும் நிறுத்தத் துணியாத இயக்கத்து வாகனம் ஒன்று வேகமாக வந்தது. கறுத்தக் கண்ணாடி, முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள். அதையும் மறித்தாள். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், பிள்ளைகள் கடக்கும்வரை காத்திருந்தார், போய்விட்டார்.

வந்து மூன்று கிழமை இருக்கும். ஒரு பின்னேரம் அவள் கொப்பியோடு கடைக்கு வந்து வாங்குப் பலகையில் இருந்தாள்.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது."

சொல்லு என்றேன். எத்தனை மணிக்கு எத்தனை பஸ் கடை வாசலில் நிற்கிறது, அந்த நேரம் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருந்தாள். பஸ் நின்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாகனம் தெரிவதில்லை, வாகனத்துக்குப் பிள்ளைகள் தெரிவதில்லை. அவள் வாசலில் நின்றாலும் பஸ்ஸுக்கு மறுபக்கம் அவள் கண்ணுக்குப் படவில்லை. பஸ் நிறுத்தத்தை மதகுக்கு அப்பால் வெடி எடுத்த நிலத்துக்கு மாற்ற வேண்டும் என்று நிலையத்துக்கு எழுதப் போகிறாள். எழுதுவதற்கு முன்பு எனக்குச் சொல்ல வந்திருக்கிறாள்.

மதகுக்கு அப்பால் என்றால் பஸ்ஸால் இறங்கியவன் என் கடைக்கு இருநூறு மீற்றர் நடந்து வர வேண்டும். யார் வருவான்? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சொல்லியிருக்கக்கூடிய பல நியாயங்கள் இருந்தன, ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"உனக்குச் சோறு போடுறது ஆர் எண்டு யோசிச்சனியோ?"

அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. கொப்பியை மூடினாள். சரி அண்ணை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுச் சோற்று முறை. மனைவி மீன் குழம்பு வைத்து, பாத்திரத்தைக் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாள். மத்தியானம் பாத்திரம் கட்டவிழ்க்காமல் திரும்பி வந்தது. நடந்தது மனைவிக்குத் தெரியாது. சுகமில்லையோ என்று பார்க்கப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவளே போனாள். வாசல் மர நிழலில் அந்தப் பிள்ளை ஒரு பணிஸைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை மனைவி வந்து எனக்கு அப்படியே சொன்னாள்.

"உங்கட சோறு வேண்டாம் எண்டில்லை அக்கா. அதைச் சாப்பிட்டுப்போட்டு எனக்கு அந்தக் கடிதம் எழுத ஏலாது."

என்ன கடிதம் என்று மனைவி என்னைக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். எங்கள் கடை, அவளுடைய உழைப்பும்தானே.

"அந்தச் சின்னப்பிள்ளை எந்த பஸ்ஸுக்கு முன்னாலயப்பா விழுந்தது?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு ரொட்டிக்கு மா குழைக்கத் தொடங்கிவிட்டாள். ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. நானே எனக்குள் கேட்டு, பதில் வருமுன் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிற கேள்வி.

அடுத்த நாள் காலை நான் கரண்டியைப் பிடிக்கவில்லை. கடை வாசலில் நின்று பார்த்தேன். பஸ் வந்தது, நின்றது. குடியிருப்புப் பிள்ளைகள் வந்தார்கள். பஸ்ஸின் முன்பக்கம் போய், கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் அவர்களுடைய தலைகள் மட்டும் வீதியில் இருந்தன. பஸ் சாரதி என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, இன்றைக்குச் சம்பல் நல்லாயிருக்கு என்றான்.

அன்று பின்னேரம் அலவாங்கையும் ஒரு பாலைக் கம்பையும் எடுத்துக்கொண்டு மதகுக்கு அப்பால் போனேன். வெள்ளைக் கட்டைக்குள் பார்த்துப் பார்த்துக் குழி கிண்டினேன். கம்பை நட்டு, அதில் ஒரு தகரத்தை அடித்து, "பஸ் தரிப்பிடம்" என்று பெயின்ற்றால் எழுதினேன். கை எழுத்து கோணலாகத்தான் வந்தது. அவள் சைக்கிளில் வந்து கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வராது. கம்பு ஆடுகிறதா என்று பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கல்லுப் போட்டு இறுக்குங்கோ அண்ணை என்றாள். இருவருமாகக் கல் பொறுக்கிப் போட்டோம். அடுத்த முறை எங்கள் வீட்டுப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வந்தது.

வியாபாரம் பாதியாக விழுந்தது உண்மை. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, பல நாள் மனம் எரிந்ததும் உண்டு. பிறகு மனைவி சோற்றுப் பார்சல் கட்டி, மதகடியில் ஒரு மேசை போட்டு வைத்தாள். அதில் கொஞ்சம் நிமிர்ந்தோம். தகரக் கூரை போட்ட வேகத்தில் சுவர் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

கால் முறிந்த பிள்ளை ஏழு மாதத்துக்குப் பிறகு ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். தாய் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விட மறுத்துவிட்டாள். அந்த வீதியை என் பிள்ளை இனிமேல் மிதிக்காது என்று அதிபரிடமே சொன்னாள். அதிபர் இரண்டு முறை போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் முறை காவல்துறைப் பிள்ளை போனாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். முற்றத்தில் இருந்து அந்தச் சின்னப்பிள்ளையோடு சின்னக் கல்லுகள் வைத்துக் கொக்கான் வெட்டி விளையாடியிருக்கிறாள். அடுத்த நாளும் போனாள். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போன பிறகு, தாய்தான் கேட்டாள்.

"நீங்க கூட நிப்பீங்களா?"

"நான் நிப்பன் அம்மா. ஆனா அவ தன்ர காலால நடக்கட்டும்."

அந்த நாளை நான் நன்றாகப் பார்த்தேன். கடை வாசலுக்கு மூவரும் வந்தார்கள். தாய் என் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். காவல்துறைப் பிள்ளை வீதி நடுவுக்குப் போய் இரண்டு பக்கமும் மறித்தாள். தெற்கே ஒரு பஸ்ஸும் இரண்டு லொறியும், வடக்கே நாலைந்து வானும் நின்றன. சின்னவள் ஊன்றுகோலை முன்னுக்கு வைத்தாள், பிறகு காலை இழுத்தாள். ஓர் அடி, பிறகு இன்னோர் அடி. வடக்கே நின்ற வான் ஒன்று ஹோன் அடித்தது. பிள்ளை நடுவழியில் நின்றுவிட்டாள்.

காவல்துறைப் பிள்ளை அவளைத் தூக்கவில்லை, கிட்டப் போகவும் இல்லை. அவசரமில்லை, நீங்கள் வாங்கோ என்று பெரிய ஆளிடம் பேசுவதுபோல் சொன்னாள். அப்போது தெற்கே நின்ற பஸ் சாரதி எஞ்சினை நிறுத்தினான். அவனைப் பார்த்துப் பின்னால் நின்ற லொறிகளும் நிறுத்தின. பிறகு வான்களும். கண்டி வீதியில் பகல் வேளையில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஊன்றுகோல் தாரில் குத்துகிற சத்தம் கேட்டது. அவள் நடந்து முடித்தாள். பள்ளிக்கூட வாசலில் அதிபர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எனக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்திருந்த தாய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நான் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இந்த முறை காசு வைக்காமல் போனாள்.

ஒரு வருடம் என்று கேட்டது இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைத்தோம், ஒவ்வொரு வருடமும் யாராவது ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள், பிறகு கட்டினார்கள். அவள் வந்த பிறகு எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு கீறல் விழவில்லை.

பிறகு சண்டை மீண்டும் தொடங்கி வீதி மூடப்பட்டது. ஓமந்தையில் பாதை அடைத்ததும், ஒரே கிழமையில் வாகனங்கள் இல்லாமல் போயின. என் கடையும் படுத்துவிட்டது. சீனி வாங்கக் காசில்லாத காலம். இனி வாசலுக்கு ஆள் எதற்கு என்ற கேள்வி தானாகவே வந்தது. கூட்டத்தில் நானே எழும்பி, அந்தப் பிள்ளையை நிலையத்துக்கு அனுப்பிவிடலாம், நாங்களும் பாவம் அவளும் பாவம் என்றேன். அதிபர் அவளைப் பார்த்தார். அவள் எழும்பி, வானத்தைக் காட்டினாள்.

"இனி வாறது மேலால. பங்கர் வெட்டித்தாங்கோ. சம்பளம் இல்லாட்டிலும் பரவாயில்லை, நான் நிக்கிறன்."

சம்பளம் கொடுக்க எங்களிடம் இருக்கவும் இல்லை. சோற்று முறை மட்டும் நின்றுவிடவில்லை. சில வீடுகளில் அது கஞ்சி முறையாக மாறியது. தகப்பன்மார் எல்லோரும் சேர்ந்து விளையாட்டு மைதான ஓரத்தில் பதுங்குகுழிகள் வெட்டினோம். தென்னங்குற்றி போட்டு மண் மூடினோம். ஒரு விசில் என்றால் எழும்பு, இரண்டு விசில் என்றால் வரிசையில் ஓடு என்று அவள் பழக்கினாள். ஓட முடியாத பிள்ளைகளுக்குக் குழிக்கு மிகக் கிட்டிய வகுப்பறையை ஒதுக்கச் சொன்னாள். ஊன்றுகோலை விட்டு நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கியிருந்த அந்தப் பிள்ளையின் வகுப்பு அப்படித்தான் அங்கே மாறியது.

கிபிர் விமானம் வந்த நாள் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள காட்டில் குண்டு போட்டுவிட்டுப் போனது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வகுப்பறைகளில் கூரை ஓடுகள் கொட்டுண்டு கிடந்தன. உள்ளே ஒரு பிள்ளை இல்லை. குழிகளுக்குள் இருந்து மண் படிந்த தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். கடைசிப் பிள்ளையை எண்ணி முடித்த பிறகுதான், தன் கைமுட்டி கிழிந்து இரத்தம் ஓடுவதை அவள் கவனித்தாள்.

அடுத்த வருடம் ஊரே கிளம்ப வேண்டியதாயிற்று. அதற்குக் கொஞ்சம் முன்பே அவளை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நாங்கள் வடக்கே போய், பிறகு கிழக்கே போய், கண்டாவளையில் ஒரு தோட்டத்தில் தறப்பாள் கட்டி இருந்தோம். மழை தொடங்கிய பிறகு அங்கிருந்தும் கிளம்பினோம். முரசுமோட்டைச் சந்தியில் உழவு இயந்திரங்கள், மாட்டு வண்டிகள், சைக்கிள்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி நின்றன. ஒருவரும் அசைய முடியவில்லை. யாரோ விசில் அடிக்கிற சத்தம் கேட்டது. என் மனைவிதான் முதலில் கண்டாள். மழைக்கோட்டுக்கூட இல்லாமல், முழங்கால் அளவு சேற்றில் நின்று அவள் வண்டிகளைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களைக் கண்டதும் ஓடி வந்து, நாங்கள் ஏறியிருந்த உழவு இயந்திரப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அதிபர் எங்கே, இன்ன வீட்டுப் பிள்ளை எங்கே என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். நான் தெரிந்ததைச் சொன்னேன். நொண்டிப் பிள்ளையின் குடும்பம் எங்களுக்கு முன்னால் போன உழவு இயந்திரத்தில் இருக்கிறது என்றதும் தலையை ஆட்டினாள். பேசி முடிப்பதற்குள் பின்னால் சத்தம் போட்டார்கள். போங்கோ அண்ணை, நிக்காதேங்கோ என்று பெட்டியைக் கையால் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

அதன் பிறகு நடந்தவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருவருமாக நான்கு பேர் போனோம், மூன்று பேர் வந்தோம். சண்டை முடிந்து இராணுவம் எங்களை வைத்திருந்த முகாமில், செட்டிகுளப் பக்கம், தண்ணீர்த் தாங்கி வரிசையில் அவளை மனைவி கண்டுபிடித்துக் கூட்டி வந்தாள். யாருடையதோ பெரிய சட்டை ஒன்று போட்டிருந்தாள். தகப்பனும் தம்பியும் உயிரோடு இல்லை. தாய் வேறு முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். எங்கள் கூடாரத்தில் மூன்று கிழமை இருந்தாள். என் மனைவி அவளுடைய தலையை இழுத்து வைத்துப் பேன் பார்ப்பாள், அவள் அப்படியே தூங்கிவிடுவாள்.

இயக்கத்தின் காவல்துறையில் இருந்தவர்கள் பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உனக்கு ஒன்றும் இல்லை, எங்களுடைய தங்கச்சி என்று இருந்துவிடு என்று மனைவி சொன்னாள். நானும் சொன்னேன். ஒரு காலை அவள் முகம் கழுவி, தலை பின்னிக்கொண்டு வந்தாள்.

"ஒளிச்சிருந்தால் பிடிபடேக்க உங்களுக்கும்தான் கரைச்சல் அக்கா. நான் பிள்ளையளைக் கடக்க விட்டனான், அவ்வளவுதானே. அதைச் சொல்லுறன்."

கம்பி வேலிவரை நாங்கள் கூடப் போனோம். அதற்கு மேல் விடவில்லை. கட்டையான பின்னல் முதுகில் ஆட, அவள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். வெயில் ஏறும்வரை வரிசை நகரவில்லை. நாங்களும் போகவில்லை.

ஒரு வருடத்துக்கு மேலாகிய பிறகு, மீன் வியாபாரி ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினாள். தடுப்பிலிருந்து விட்டுவிட்டார்களாம், கரையில் தாயோடு இருக்கிறாளாம். நாங்கள் இரண்டு தரம் போய்ப் பார்த்தோம். முதல் தரம் அதிபரையும் கூட்டிக்கொண்டு போனோம். அவளும் அதிபரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். இரண்டாம் தரம் போனபோது அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை கிழிந்த வலை பொத்துகிறவர், நல்ல மனிசன் என்று தாய் சொன்னாள். அவள் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள்தான் இருக்கிறது, பேசிக்கொண்டே தைக்கிறன், குறை நினைக்காதேங்கோ என்றாள். நாங்கள் பின்னேர பஸ்வரை இருந்துவிட்டு வந்தோம்.